சாச்சா பினாங்கிலிருந்து கொண்டுவந்த டென்னிஸ் பின்பால் எந்திரம்: பழுது பார்ப்பதா, விற்பதா?

கீழக்கரையான் கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். என் சாச்சா பினாங்கில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேநீர்க்கடை நடத்தியவர். கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு 1983-இல் சிதம்பரம் கப்பலில் ஊர் திரும்பியபோது, கைலியும் சென்ட்டும் டேப்ரிக்கார்டரும் வரும் என்று வாசலில் காத்திருந்த எங்களுக்கு முன்னால், நான்கு பேர் மூச்சு வாங்க லாரியிலிருந்து இறக்கி வைத்தது கால் கழற்றிய ஒரு பெரிய மரப்பெட்டி. அவருடைய கடையில் வாடிக்கையாளர்கள் காசு போட்டு ஆடிய பின்பால் எந்திரம் அது; சரிந்த பலகையில் உருளும் குண்டைக் கீழே விழாமல் தட்டித் தட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். அதன் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் தெருப்பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டு முகப்பில்தான் கிடப்பார்கள். 1991 வாக்கில் ஒருநாள் ஆடிக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் மங்கி, உள்ளிருந்து ஏதோ தீய்ந்த வாடை வந்தது. சாச்சா பிளக்கைப் பிடுங்கினார். எந்திரம் மாடி அறைக்குப் போனது. பிறகு இறங்கவே இல்லை. சாச்சா மௌத்தாகியும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இப்போது வீட்டைச் சீரமைப்பதற்காக அந்த அறையைக் காலி செய்கிறோம். நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியின் கண்ணாடியில் டென்னிஸ் ஆடுவோரின் படமும் 'வாலி' என்ற ஆங்கிலச் சொல்லும் இருக்கின்றன. இராமாயண வாலி அல்ல, பந்து தரையைத் தொடும் முன்பே திருப்பி அடிக்கும் அடி. சரிந்த ஆட்டப்பலகையில், பந்து பட்டால் கீழே விழும் சிறு பிளாஸ்டிக் தட்டுகள் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசைகள் உள்ளன. கண்ணாடியின் உட்புறத்தில் வண்ணம் சில இடங்களில் கருவாட்டுச் செதிள் போல எழும்பி நிற்கிறது. கால்களில் துரு ஏறியிருக்கிறது. கரையான் மட்டும் எப்படியோ தொடவில்லை.

சென்னையிலிருந்து வந்த ஒரு பழம்பொருள் வியாபாரி, விளையாட்டுப் படம் போட்ட எந்திரங்களுக்கு மதிப்பே கிடையாது என்று சொல்லி, பழைய மர பீரோவுக்குக் கொடுக்கும் விலையைக் கேட்டார். ஆனால் போகும்போது மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். உம்மாவோ, சூதாட்டப் பெட்டியை எதற்கு மறுபடியும் கீழே இறக்குகிறாய் என்கிறார். கண்ணாடி வண்ணத்தைத் துடைத்து, ஓவியரிடம் கொடுத்துப் புதிதாக எழுதலாமா? கால்பந்தே கதியென்று இருக்கும் எங்கள் ஊரில் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தவர்கள் அரிது. அப்படியிருக்க இதை விரும்பிச் சேர்ப்பவர்கள் எதைக் கண்டு விரும்புகிறார்கள் என்றும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

வெள்ளிக்குண்டு (கோவை) பதில்:

முதலில் ஒரு வேண்டுகோள். கண்ணாடியின் வண்ணப்புறத்தில் துணியைக்கூட வைக்காதீர்கள். ஈரத்துணி பட்டால் எழும்பியிருக்கும் செதிள் அத்தனையும் துணியோடு வந்துவிடும். அப்படி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான் அழித்த கண்ணாடி ஒன்று இன்றும் என் வீட்டில், என் புத்திக்குச் சாட்சியாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

உங்களிடம் இருப்பது சிகாகோவின் காட்லீப் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 'வாலி'. ஒருவர் மட்டும் ஆடும் வகை. வடிவமைத்தவர் எட் கிரின்ஸ்கி, படம் வரைந்தவர் கோர்டன் மோரிசன். இந்த இருவர் சேர்ந்து செய்தவை என்றாலே காட்லீப் பித்தர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். டேவிட் காட்லீப் 1931-இல் வெளியிட்ட 'பேஃபிள் பால்' என்ற மேசை விளையாட்டிலிருந்துதான் இந்தத் தொழில் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1947-இல் அதே நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் பொத்தானை அழுத்தினால் பந்தைத் திருப்பி அடிக்கும் ஃபிளிப்பர் என்ற சிறு கை முதன்முதலில் வந்தது. ஆகவே உங்கள் மாடியில் கிடப்பது ஊர் பேர் தெரியாத சரக்கு அல்ல.

சேகரிப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். வியாபாரி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை முழுப் பொய்யைவிட விலையைக் குறைக்க உதவும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொதுவாகத் திரைப்படம், இசைக்குழு, பேய், விண்வெளி ஆகியவற்றை வைத்துச் செய்த எந்திரங்களுக்கு முந்தியடிப்பவர்கள் அதிகம். விளையாட்டை வைத்துச் செய்தவற்றைப் படத்துக்காக மட்டும் வாங்குபவர்கள் குறைவு. ஆனால் 1970-களின் காட்லீப் ஒற்றை ஆட்ட எந்திரங்களை வாங்குபவர்கள் படத்தை இரண்டாவதாகத்தான் பார்க்கிறார்கள். அவற்றின் தலைப்பெட்டி மேலே அகன்று கீழே குறுகி ஆப்பு போல இருக்கும். அதனால் அவற்றுக்கு 'வெட்ஜ்ஹெட்' என்று பெயர். நால்வர் ஆடும் எந்திரத்தில் ஒவ்வொருவரின் கணக்கையும் பந்துக்குப் பந்து நினைவில் வைக்க, கணினிச் சில்லு வராத மின்பொறிக் காலத்தில் வழி குறைவு என்பதால், விதிகளை எளிமையாக்கிவிடுவார்கள். ஒற்றை ஆட்ட எந்திரத்தில் அந்தத் தொல்லை இல்லை. முதல் பந்தில் நீங்கள் வீழ்த்தியதன் பலன் ஐந்தாவது பந்து வரையில் கூடவே வர முடியும். கடைசிப் பந்தில் ஒரே ஒரு தட்டு பாக்கி நிற்கும்போது கை வியர்க்கிறதே, அதை வாங்கத்தான் ஆட்கள் தேடி வருகிறார்கள்.

உங்கள் எந்திரத்தின் பதினைந்து தட்டுகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். குறி எது என்பது பார்த்தவுடனே தெரியும். நிற்பதை வீழ்த்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்த வரிசையை எந்த ஃபிளிப்பரால் எந்த நொடியில் அடிப்பது என்பது ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் முழுதாகக் கைக்கு வராது. டென்னிஸ் தெரியாத உங்கள் தெருப்பிள்ளைகள் பெருநாள் முழுக்க அதை விட்டு நகராததற்கும் இதுதான் காரணம்.

ஆக, விலையை நிர்ணயிப்பவை: கண்ணாடியில் எவ்வளவு வண்ணம் மிஞ்சியிருக்கிறது, ஆட்டப்பலகையில் மரம் தெரியும் அளவுக்குத் தேய்மானம் இருக்கிறதா, பெட்டியின் மேல் யாராவது பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்பவை. ஓடாத எந்திரத்தை ஓட வைத்துவிடலாம். போன படத்தை அச்சு எடுத்துப் புதிதாகப் போடலாமே தவிர, அசலைத் திரும்பப் பெற முடியாது. ஓவியர் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். செதிள் எழும்பிய இடங்களில், நன்கு உலர்ந்த ஒரு நாளில், நிறமற்ற அக்ரிலிக் பூச்சை வண்ணப்புறத்தில் மெல்லிதாகத் தெளித்து மேலும் உதிராமல் நிறுத்தலாம். அதையும் முதலில் எண்கள் வரும் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சோதித்துப் பாருங்கள்.

ரிலேக்காரர் (இராமநாதபுரம்) பதில்:

தம்பி, அதை எந்தக் காரணம் கொண்டும் பிளக்கில் செருகிவிடாதீர்கள். நாற்பது ஆண்டுகளாக ரேடியோ, ஸ்டெபிலைசர், விசைப்படகு வயரிங் எல்லாம் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பின்பால் எந்திரம் என் கைக்கு மூன்றே மூன்றுதான் வந்திருக்கிறது. மூன்றிலும் முதல் சேதத்தைச் செய்தது "எரிகிறதா பார்ப்போம்" என்று செருகிய உரிமையாளர்தான்.

உங்கள் எந்திரத்தில் கணினிச் சில்லு ஏதும் கிடையாது. 1977-க்குப் பிறகுதான் அமெரிக்க நிறுவனங்கள் பெருமளவில் மின்னணுப் பலகைக்கு மாறின. அந்தப் பலகை வைத்த எந்திரங்களில், நினைவகத்துக்காக வைத்த பேட்டரி ஒழுகிப் பலகையையே தின்றுவிடும். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரமே நடக்கும். நீங்கள் அந்த வகையில் தப்பித்தீர்கள். உங்களுடையதில் இருப்பவை ரிலேக்கள் (மின்சாரத்தால் திறந்து மூடும் ஸ்விட்சுகள்), காயில்கள் (மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச் சுருள்கள்), படிப்படியாக நகரும் சக்கரங்கள், பிறகு ஸ்கோர் மோட்டார் என்று ஒரு சிறு மோட்டார். கண்ணாடிக்குப் பின்னால் எண் உருளைகள் இருக்கும். ஒரு புள்ளி எடுத்தால் ஒரு காயில் இழுத்து உருளையை ஒரு எண் தள்ளும். ஒன்பதில் நிற்கும்போது மட்டும் ஒரு ஸ்விட்ச் மூடி, அடுத்த உருளையையும் சேர்த்துத் தள்ளச் சொல்லும். பள்ளியில் "கைமாற்று ஒன்று" என்று கூட்டினோமே, அதையே இரும்பும் செம்புக் கம்பியும் செய்கின்றன. ஐம்பது புள்ளி என்றால் ஸ்கோர் மோட்டார் சுழன்று பத்து பத்தாக ஐந்து முறை தட்டும். அந்த ஐந்து தட்டும் உங்கள் காதில் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஓசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மலேசியாவிலும் இங்கும் 50. மோட்டார் 50 ஹெர்ட்ஸுக்கென்றே பொருத்தியதாக இல்லாவிட்டால், அமெரிக்கர் கேட்டதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் பினாங்கிலும் கீழக்கரையிலும் அது தட்டியிருக்கும். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. இணையத்தில் ஒலிப்பதிவு கேட்டுவிட்டு உங்களுடையது பழுதென்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெட்டியின் அடியில் பெரிய டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதன் முனைகளில் 230 வோல்ட்டுக்கு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாச்சா பினாங்கில் வெளியே ஒரு குறைப்பு டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பார். அது எங்கோ வீட்டிலேயே கிடக்கும். பியூஸ்களைக் கழற்றி, ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் என்று பக்கத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டு கம்பி வயர் வந்திருந்தால் மாற்றி, எர்த்தோடு மூன்று கம்பி வயர் போடுங்கள். அசல் முக்கியம் என்று மேலே எழுதியவர் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் இந்த ஒன்றில் மட்டும் அசல் வேண்டாம். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுக் கொடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், காயில் தப்பிக்கும்.

அடுத்தது உப்புக்காற்று. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் உலோகம் அரிப்பதைச் சோதிக்க மண்டபத்தில் தனியாக ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள் என்றால், நம் கரையின் காற்று எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தின் இரும்பையே விடாத காற்று, தீக்குச்சித் தலை அளவுள்ள ஸ்விட்ச் பாயிண்டை விடுமா? இந்த எந்திரத்தில் அப்படிப்பட்ட பாயிண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். வெள்ளிப் பூச்சு போய்விடும். கல்யாணப் பத்திரிகை அட்டையை விரல் அகலத்துக்கு நறுக்கி, பாயிண்டுகளுக்கு நடுவே வைத்து, மெல்ல அழுத்தி இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும்; கோடு விழாத வரைக்கும் இழுங்கள். ஃபிளிப்பருக்குரிய தடித்த பாயிண்டுகளுக்கு மட்டும் மெல்லிய அரம் ஆகும்.

துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பாவை அந்த வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். அது எரியக்கூடியது, பாயிண்டுகளில் பொறி பறக்கும். அதோடு தூசியைக் கூட்டிப் பிசினாக்கிவிடும். காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டு நைலான் குழாயில் உலர்வாகவே ஓட வேண்டும். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார், விட்டார், பிறகு என்னிடம் கொண்டுவந்தார்.

தொண்டித்துறை பதில்:

உம்மாவின் கேள்வியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது நியாயமான கேள்வி. அமெரிக்க நகராட்சிகளே அதைக் கேட்டிருக்கின்றன. ஃபிளிப்பர் வருவதற்கு முன்பு இந்த மேசைகளில் ஆடுபவர் செய்யக்கூடியது பந்தை விடுவதும் மேசையை ஆட்டுவதும்தான், மிச்சம் அதிர்ஷ்டம். கடைக்காரர்கள் வெற்றிக்குக் காசும் கொடுத்தார்கள். நியூயார்க்கில் மேயர் லா கார்டியா 1942-இல் இவற்றைத் தடை செய்து, பறிமுதல் செய்தவற்றைச் சம்மட்டியால் உடைக்கவும் வைத்தார். அந்தத் தடை நீங்கியது உங்கள் எந்திரம் பிறந்த 1976-இல். ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நகர மன்றக் குழுவின் முன்னிலையில் ஆடிக் காட்டி, அடுத்த பந்து எந்தப் பாதையில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடியே இறக்கினார். அது கைத்திறன்தான் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியம் அந்தக் குழுவுக்குத் தேவைப்படவில்லை.

வென்றவருக்கு இலவச ஆட்டம் கொடுப்பதே பரிசுதான், ஆகவே சூதுதான் என்று சொன்ன ஊர்களும் இருந்தன. அங்கே விற்பதற்காக, இலவச ஆட்டத்துக்குப் பதில் அதே ஆட்டத்தில் கூடுதல் பந்து தரும் வகையை 1960-இல் 'ஃபிளிப்பர்' என்ற பெயரிலேயே காட்லீப் கொண்டுவந்தது. எனவே உம்மாவிடம், காசு திரும்பி வரும் வழி இந்தப் பெட்டியில் இல்லை, உள்ளே போகும் வழிதான் உண்டு என்று சொல்லிப் பாருங்கள் காக்கா. எங்கள் உம்மாவாக இருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

விளையாட்டுப் படத்துக்கு மதிப்பில்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். இத்தொழிலின் சாதனைக் கணக்கைப் பார்த்தாலே அது நிற்காது. பாலி நிறுவனம் 1977-இல் மேசைக்கோல்பந்தை வைத்துச் செய்த 'எய்ட் பால்' 20,230 எந்திரங்கள் விற்றது. 15 ஆண்டுகள் கழித்து 1992-இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி'தான் 20,270 என்று அந்த எண்ணை நூலிழையில் தாண்டியது. அதில் இன்னொரு செய்தி உண்டு. மேலே கோவை நண்பர் சொன்ன குறை, அதாவது பலர் ஆடும்போது ஒவ்வொருவரின் கணக்கையும் நினைவில் வைக்க முடியாத குறை, மின்னணுப் பலகை வந்ததும் தீர்ந்தது. அந்த வசதியைப் பயன்படுத்தி, நான்கு பேருக்கும் அவரவர் வீழ்த்திய பந்துகளை அடுத்த முறைக்கும் காத்துவைத்த எந்திரம் 'எய்ட் பால்'தான். ஒரு விளையாட்டின் விதி எந்திரத்தின் விதியோடு இப்படிப் பொருந்திவிட்டால், படம் வெறும் அலங்காரமாக இருப்பதில்லை.

கால்பந்துக்காரர்களான உங்கள் ஊரார் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அர்ஜென்டினாவில் உலகக் கோப்பை நடந்த 1978-இல் வில்லியம்ஸ் நிறுவனம் 'வேர்ல்ட் கப்' என்ற எந்திரத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் கோப்பை நடந்த 1994-இல் பாலி பெயரில் வந்த 'வேர்ல்ட் கப் சாக்கர்' எந்திரத்தில் ஆட்டப்பலகையின் மேலேயே ஒரு கால்பந்து சுழலும், கோல் வாயில் ஒரு காவலர் இடமும் வலமும் நகர்வார். அதை ஆடியவர்கள் கால்பந்து பிடித்துத்தான் ஆடினார்கள் என்று சொல்ல முடியாது. கோல் வாயைக் கண்டால் யாருக்கும் கால் துறுதுறுக்கும்.

டென்னிஸும் அந்த ஆண்டுகளில் நமக்கு அந்நியமாக இல்லை. இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்ற இந்திய அணி 1974-இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்து, இனவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று கோப்பையையே விட்டுக்கொடுத்தது. பினாங்கில் தமிழ்ப் பத்திரிகை படித்துக்கொண்டு தேநீர் குடித்தவர்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்து அதைப் பேசாமலா இருந்திருப்பார்கள்?

சரக்குமாஸ்டர் பதில்:

இவ்வளவு நீளமாக எழுதிவிட்டீர்கள், ஆனால் நடைமுறையை ஒருவரும் சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து ரப்பர் வளையமும் பல்பும் வரவழைக்கும் செலவு, பழகிய ஆள் கிடைக்காத தொல்லை, நூறு கிலோவுக்கு மேல் கனம், கடற்கரை வீடு. விற்றுவிடுவதே நல்லது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்தவற்றுக்குத்தான். எனவே அந்த வகையில் பதிவுத் தொல்லை இல்லை.

வெள்ளிக்குண்டு (கோவை) பதில்:

விற்பது பாவம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஓடாத நிலையில் விற்றால் அந்த வியாபாரி சொன்ன விலைதான் சந்தை விலை. ரப்பர் வளையம் முழுத் தொகுப்பாகவே கிடைக்கிறது. காட்லீப் மின்பொறி எந்திரங்களுக்கு உதிரிகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன என்பதே சேகரிப்பவர்கள் அவற்றை நாடுவதற்கு ஒரு பெரிய காரணம். சுற்று வரைபடம் பெரிய தாளாக மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கும் தனி மதிப்பு உண்டு.

கீழக்கரையான் பதில்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கடந்த இரண்டு வாரங்களில் நடந்ததை எழுதுகிறேன்.

வரைபடம் இருந்தது. இராமபாணப் பூச்சி மடிப்போரங்களில் அரித்திருந்தாலும், மேசையில் விரித்துக் கண்ணாடி வைத்து அழுத்தியதும் பெரும்பகுதி படிக்க முடிந்தது. அதன் கீழே சாச்சாவின் கையெழுத்தில் சிறு துண்டுத்தாளில் "3 காலில் ஒன்று குட்டை, அட்டை வை" என்று எழுதியிருந்தது. நான்காவது காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

ரிலேக்காரர் ஐயா சொன்னபடி பியூஸ்களைக் கழற்றினேன். அவற்றில் ஒன்று பியூஸே இல்லை. உடைந்த பியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் தொடர்ந்து போனபோது, ஆட்டப்பலகையின் அடியில் ஒரு காயில் மேல்தாள் பழுப்பேறி, நைலான் குழாய் உருகி, தண்டு பாதியில் சிக்கி நின்றது. நடு வரிசைத் தட்டுகளை மறுபடி தூக்கி நிறுத்தும் காயில் அது. பெருநாளன்று வந்த தீய்ந்த வாடை இதுதான். அதை இழுக்கச் சொல்லும் ஸ்விட்சின் இரண்டு பாயிண்டுகளும் ஒட்டிக்கொண்டு பிரியாமல் இருந்தன. பிரித்ததும் நகக்கண் அளவுக்குப் பச்சைப் பொடி உதிர்ந்தது. டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட் இணைப்பு இருக்கிறது, எனவே தனி டிரான்ஸ்பார்மர் தேட வேண்டியதில்லை.

காசு விழும் பாதையில் ஒரு நாணயம் செருகிக்கொண்டிருந்தது. சாமணத்தால் எடுத்துத் துடைத்துப் பார்த்தால் மலேசியாவின் 20 சென். பின்புறத்தில் அந்த நாட்டு நாடாளுமன்றக் கட்டடம். கடைசியாகக் காசு போட்டவருக்கு ஆட்டம் கிடைக்காமலே போயிருக்கிறது. உம்மாவிடம் காட்டினேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "அந்த ஆளுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்காமல் வந்திருக்கான் பார்" என்றார். எந்திரத்தைப் பற்றி அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடியைத் தொடவில்லை; வண்ணப்புறம் மேலே இருக்குமாறு மெத்தைமேல் படுக்க வைத்திருக்கிறேன். இப்போது வாடைக்காற்று ஈரமாக அடிப்பதால் மாசி வரைக்கும் பூச்சு அடிக்கப் போவதில்லை. விற்கும் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் கேள்வி இப்போது ஒன்றுதான்: கருகிய காயிலை இங்கேயே கட்ட முடியுமா?

ரிலேக்காரர் (இராமநாதபுரம்) பதில்:

முடியும். ஆனால் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வயர் எந்த முனையில் என்று. மேல்தாளில் 'ஏ' என்ற எழுத்தோடு தொடங்கும் எண் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதே எண்ணில் புதிய காயில் வாங்கிவிடலாம், அதுதான் சுலபம். எண் கருகியிருந்தால், மோட்டார் கட்டும் கடையில் கொடுத்து, பழைய கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணச் சொல்லுங்கள். கம்பியின் பருமனையும் அளக்கச் சொல்லுங்கள். குத்துமதிப்பாகக் கட்டினால் ஒன்று தட்டு எழும்பாது, அல்லது எழும்பிப் பெயர்ந்துவிடும். நைலான் குழாய் புதிது போடாமல் காயிலை மாட்டாதீர்கள். ஒட்டிக்கொண்ட அந்த ஸ்விட்சின் இரண்டு பாயிண்டுகளுக்கும் நடுவே, ஓய்வில் இருக்கும்போது ஒரு கிரெடிட் கார்டின் பருமனுக்கு இரண்டு பங்கு இடைவெளி இருக்க வேண்டும்.

பிறகு நான்கு காலையும் ரசமட்டம் வைத்துச் சரி பாருங்கள். இந்தக் காலத்து எந்திரங்களின் பலகைக்கு மூன்றரைப் பாகைச் சரிவு போதும். புதியவற்றுக்குச் சொல்வது போல ஆறரை வைத்தால் பந்து ஓடிவிடும். சாச்சா எழுதிய அட்டையை அதன் பிறகு வையுங்கள், தேவைப்பட்டால்.